இந்திய - வங்கதேச எல்லை: ஐந்து வாரத்தில் போட்ட கோடும் 68 ஆண்டுச் சிக்கலும்

2015ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி நள்ளிரவு 12 மணி கடந்ததும், இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான எல்லையின் இரு மருங்கிலும் சிதறிக் கிடந்த 162 நிலத்திட்டுகள் ஒரே நேரத்தில் நாடு மாறின. அங்கு குடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. ஆயினும் முதல்நாள் வரை எந்த அரசின் கணக்கிலும் முறையாகச் சேராதிருந்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள், மறுநாள் காலை ஒரு நாட்டின் குடிமக்களாக விழித்தெழுந்தனர். 1947 முதல் கழிந்த ஆண்டுகளைக் குறிக்கும் வகையில் அன்றிரவு அக்கிராமங்களில் 68 மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன.

இந்திய - வங்கதேச எல்லையின் நீளம் 4,096 கிலோமீட்டர். இந்தியாவின் நில எல்லைகளில் இதுவே மிக நீளமானது. மேற்கு வங்கம், அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் ஆகிய ஐந்து மாநிலங்களைத் தொட்டுச் செல்லும் இந்த எல்லை, வங்கதேசத்தை ஏறக்குறைய மூன்று பக்கங்களிலும் சூழ்ந்திருக்கிறது. ஆறுகளும் நெல் வயல்களும் சணல் வயல்களும் மலைச்சரிவுகளும் அதன் பாதையில் குறுக்கிடுகின்றன.

இந்தக் கோட்டின் பெரும்பகுதி 1947இல் ஐந்தே வாரங்களில் முடிவு செய்யப்பட்டது. ஆனால் அதில் விழுந்த ஒரு சிறு முடிச்சை அவிழ்க்க 68 ஆண்டுகள் பிடித்தன. அவிழ்க்க வேண்டும் என்பதில் இரு தலைநகரங்களும் 1958ஆம் ஆண்டிலேயே உடன்பட்டிருந்தன என்பதுதான் இதில் வியப்புக்குரியது.

ராட்க்ளிஃபின் ஐந்து வாரங்கள்

பிரிட்டிஷ் வழக்கறிஞரான சிரில் ராட்க்ளிஃப் 1947 ஜூலை 8ஆம் தேதி இந்தியா வந்து சேர்ந்தார். அதற்கு முன்னர் அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்த அனுபவமின்மையே அவரது நடுநிலைமைக்கு உத்தரவாதம் எனக் கருதப்பட்டது. பஞ்சாபுக்கும் வங்கத்துக்கும் தனித்தனியே அமைக்கப்பட்ட இரு எல்லை ஆணையங்களுக்கும் அவரே தலைவர். ஒவ்வொன்றிலும் நான்கு நீதிபதிகள் இருந்தனர்: காங்கிரஸ் சார்பில் இருவர், முஸ்லிம் லீக் சார்பில் இருவர். அவர்கள் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்து நின்றதால், இறுதி முடிவு ராட்க்ளிஃப் என்ற தனி மனிதரின் கையில் விழுந்தது. இரு ஆணையங்களும் ஒரே காலத்தில் கூடியதால் அவற்றின் பொது அமர்வுகளில் அவர் கலந்துகொள்ளவில்லை. வாதங்களின் பதிவுகளையும் வரைபடங்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் வைத்துக்கொண்டே கோட்டை வரைந்தார்.

முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதோரும் தொடர்ச்சியாகப் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளைக் கண்டறிந்து பிரிப்பதும், "பிற காரணிகளை"க் கருத்தில் கொள்வதும் ஆணையத்துக்குத் தரப்பட்ட பணி. அந்தப் பிற காரணிகள் எவை என்று எங்கும் வரையறுக்கப்படவில்லை. ஆகவே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்த முர்ஷிதாபாத் இந்தியாவுக்கு வந்தது. இந்துக்கள் சற்றே கூடுதலாக இருந்த குல்னா கிழக்கு வங்கத்துக்குச் சென்றது. முஸ்லிம் அல்லாதோர் மிகப் பெரும்பான்மையாக இருந்த சிட்டகாங் மலைப்பகுதியும் பாகிஸ்தானுடன் சேர்க்கப்பட்டது. அசாமின் பகுதியாக இருந்த சில்ஹெட் மாவட்டத்தில் மட்டும் 1947 ஜூலையில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. அம்மாவட்டம் கிழக்கு வங்கத்துடன் இணைந்தது, கரீம்கஞ்சின் பெரும்பகுதி நீங்கலாக.

சுதந்திர நாட்களுக்கு முன்பே தீர்ப்பு தயாராகிவிட்டபோதிலும், அது ஆகஸ்ட் 17ஆம் தேதிதான் வெளியிடப்பட்டது. சுதந்திரக் கொண்டாட்டங்கள் கலவரத்தில் மூழ்குவதைத் தவிர்க்கவே இந்தத் தாமதம் எனப்படுகிறது. இதன் விளைவாக, முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏற்றப்பட்டு, சில நாட்களிலேயே இறக்கப்பட்டன. எந்த நாட்டில் வாழ்கிறோம் என்று தெரியாமலேயே இரு நாடுகளின் சுதந்திர தினத்தையும் கடந்தவர்கள் அம்மக்கள்.

தீர்ப்பின் வாசகங்களுக்குப் பொருள் கொள்வதிலும் உடனடியாகப் பூசல் எழுந்தது. ஆறுகள் எல்லையாகச் சொல்லப்பட்ட இடங்களில் எந்த ஆறு, எந்தக் கிளை என்ற கேள்விகள் முளைத்தன. ஸ்வீடன் நாட்டு நீதிபதி ஆல்கோட் பாகே தலைமையிலான நடுவர் மன்றம் 1950இல் அவற்றில் சிலவற்றுக்கு விடை தந்தது.

மன்னராட்சி விட்டுச் சென்ற துண்டுகள்

இந்த எல்லையின் குறைகள் அனைத்தையும் ராட்க்ளிஃபின் தலையில் சுமத்துவது வழக்கமாகிவிட்டது. அது முழுமையான நியாயம் அல்ல. அதன் மிகச் சிக்கலான பகுதி அவரது பேனாவுக்கு உட்பட்டதே இல்லை.

வங்கத்தின் வடக்கே இருந்த கூச் பெஹார் ஒரு சுதேச சமஸ்தானம். பிரிட்டிஷ் இந்தியாவின் மாவட்டங்களைப் பிரிக்கும் அதிகாரமே ராட்க்ளிஃபுக்கு இருந்தது; சமஸ்தானங்கள் அவரது வரம்புக்கு வெளியே இருந்தன. அந்தச் சமஸ்தானத்துக்குச் சொந்தமான பல கிராமங்கள் அண்டையிலிருந்த ரங்பூர் முதலிய மாவட்டங்களுக்குள் தனித் தீவுகளாகக் கிடந்தன. அதேபோல் ரங்பூர் பக்கத்துக் கிராமங்கள் பல கூச் பெஹாருக்குள் கிடந்தன. வங்காளத்தில் இவற்றுக்கு சிட்மஹால் என்று பெயர்.

கூச் பெஹார் மன்னரும் ரங்பூர் நவாபும் சதுரங்கம் ஆடும்போது பந்தயமாகக் கிராமங்களை வைத்து ஆடியதால் இவை உருவாயின என்று ஒரு கதை அப்பகுதியில் வழங்குகிறது. செய்தியாளர்களுக்கு இக்கதை மிகவும் பிடித்தமானது. ஆனால் வரலாற்று ஆய்வாளர்கள் தரும் விளக்கம் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூச் பெஹாருக்கும் முகலாயப் பேரரசுக்கும் இடையே நடந்த போர் 1713இல் உடன்படிக்கையில் முடிந்தது. அப்போது யார் யாருக்கு வரி செலுத்திக்கொண்டிருந்தார்களோ அந்தக் கிராமங்கள் அவரவரிடமே நின்றுவிட்டன. ஒரே பேரரசின் நிழலில் மன்னர்களும் ஜமீன்தார்களும் ஆண்ட காலத்தில் இதனால் எவருக்கும் தொல்லை இல்லை. வரி வாங்குபவர் வேறு, வழியில் நடப்பவர் வேறு. நடப்பதற்கு அனுமதிச் சீட்டு எதுவும் தேவைப்படவில்லை.

1949இல் கூச் பெஹார் மன்னர் தமது நாட்டை இந்தியாவுடன் இணைத்தார். 1950 ஜனவரி முதல் நாள் அது மேற்கு வங்கத்தின் ஒரு மாவட்டமாயிற்று. அந்த இணைப்போடு, கிழக்கு பாகிஸ்தானுக்குள் சிதறிக் கிடந்த சமஸ்தானத்துக் கிராமங்கள் இந்திய மண்ணாயின. கூச் பெஹாருக்குள் கிடந்த ரங்பூர் கிராமங்கள் பாகிஸ்தான் மண்ணாயின. பழைய வரிக் கணக்கு ஒன்று சர்வதேச எல்லையாக மாறிய கதை இதுதான்.

இறுதிக் கணக்கின்படி, வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகள் இருந்தன. பரப்பு 17,160 ஏக்கர். இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகள். பரப்பு 7,110 ஏக்கர். சில திட்டுகளுக்குள் மறு நாட்டின் திட்டு ஒன்று இருந்தது. தஹாலா காக்ராபாரி என்ற இடம் இவை எல்லாவற்றையும் விஞ்சியது. வங்கதேசத்துக்குள் ஓர் இந்தியத் திட்டு, அதற்குள் ஒரு வங்கதேசத் திட்டு, அதற்குள் ஒரு சிறு இந்திய நிலம். இரண்டு ஏக்கர்கூட இல்லாத அந்த மூன்றாம் அடுக்கு நிலத்தில் சணல் பயிரிடப்பட்டது. அதைச் சொந்தமாக வைத்திருந்தவர் ஒரு வங்கதேச விவசாயி. உலகில் இத்தகைய நிலம் அது ஒன்றே ஒன்றுதான்.

கடவுச்சீட்டு இல்லாமல் தாய்நாட்டுக்குப் போக முடியாது

முதல் சில ஆண்டுகள் போக்குவரத்து ஓரளவு தடையின்றி நடந்தது. 1952 அக்டோபரில் இந்தியாவும் பாகிஸ்தானும் தமக்கிடையே கடவுச்சீட்டும் விசாவும் கட்டாயம் என்று ஆக்கின. அத்துடன் திட்டுகளின் கதவு சாத்தப்பட்டது.

வங்கதேசத்துக்குள் இருந்த ஓர் இந்தியத் திட்டில் பிறந்தவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். சட்டப்படி அவர் இந்தியர். இந்தியாவின் பெருநிலப் பகுதிக்குச் செல்ல அவர் வெளிநாட்டு மண்ணைக் கடக்க வேண்டும். அதற்கு விசா வேண்டும். விசா பெறக் கடவுச்சீட்டு வேண்டும். கடவுச்சீட்டு வழங்கும் அலுவலகமோ அவர் விசா இன்றிப் போக முடியாத அந்தப் பெருநிலப் பகுதியில் இருந்தது. எல்லையின் மறுபுறத்தில், கூச் பெஹாருக்குள் அடைபட்டிருந்த வங்கதேசத்தவர்களின் நிலையும் இதுவே.

ஆகவே அம்மக்கள் பொய்யைக் கொண்டு வாழக் கற்றுக்கொண்டனர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தந்தை என்று எழுதிக்கொடுத்தனர். பிரசவத்துக்கு மருத்துவமனைக்குச் செல்லும் பெண், வேறொருவரின் பெயரைக் கணவர் பெயராகச் சொல்ல நேர்ந்தது. கொஞ்சம் தொலைவில் மின்கம்பி ஓடும். இவர்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். திருட்டோ கொலையோ நடந்தால், சூழ்ந்துள்ள நாட்டின் காவல்துறைக்கு உள்ளே வர அதிகாரம் இல்லை. சொந்த நாட்டின் காவல்துறைக்கு வந்து சேர வழி இல்லை. குற்றவாளிகள் ஒளிந்துகொள்ளவும் கஞ்சா பயிரிடவும் இத்திட்டுகள் வசதியாக இருந்ததில் வியப்பில்லை. நிலம் விற்றாலும் வாங்கினாலும் பதிவு செய்ய அலுவலகம் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் சாட்சியாக எழுதும் தாளே பத்திரம்.

இவர்கள் எந்தத் தேர்தலிலும் தமது பெயரில் வாக்களிக்கவில்லை. இந்தச் சிக்கல் இத்தனை காலம் நீடித்ததற்கு, இந்த ஒரு குறிப்பே பெரும்பாலான விளக்கங்களைவிடத் தெளிவான விளக்கமாகும்.

பேருபாரி: ஒரு கிராமமும் ஓர் அரசியல் சட்டக் கேள்வியும்

1958 செப்டம்பரில் பிரதமர் ஜவஹர்லால் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் ஃபெரோஸ் கான் நூனும் டெல்லியில் கூடி, திட்டுகளை மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டனர். இந்தியா கூடுதலாக நிலம் இழக்கும் என்பதற்காக இழப்பீடு எதுவும் கோரப்படவில்லை. அதே உடன்பாட்டில் இன்னொரு விஷயமும் இருந்தது. ஜல்பைகுரி மாவட்டத்தின் பேருபாரி யூனியன் எண் 12 என்ற பகுதி யாருக்கு என்பதில், ராட்க்ளிஃபின் எழுத்துத் தீர்ப்பும் அதனுடன் இணைந்த வரைபடமும் முரண்பட்டன. சுமார் ஒன்பது சதுர மைல் பரப்புள்ள அதனை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று தீர்மானிக்கப்பட்டது.

மேற்கு வங்கத்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக ஓடிவந்தவர்கள் மீண்டும் பாகிஸ்தானுக்குள் தள்ளப்படுவதா என்று கேட்டவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்திய மண்ணை வேறொரு நாட்டுக்குக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி, குடியரசுத் தலைவர் மூலமாக உச்ச நீதிமன்றத்தின் ஆலோசனைக்கு அனுப்பப்பட்டது. நாட்டின் நிலப்பரப்பை வெளிநாட்டுக்கு விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும் என்று 1960 மார்ச்சில் நீதிமன்றம் கருத்துரைத்தது. அதன்படி அதே ஆண்டில் ஒன்பதாவது திருத்தம் நிறைவேறியது. ஆனால் அடுத்தடுத்த வழக்குகளும், 1965ஆம் ஆண்டு இந்திய - பாகிஸ்தான் போரும் குறுக்கிட்டதால் அது நடைமுறைக்கு வரவே இல்லை.

1971இல் வங்கதேசம் பிறந்தது. 1974 மே 16ஆம் தேதி இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் புதுடெல்லியில் நில எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். பேருபாரியின் தென்பாதி இந்தியாவிடமே இருக்கும். பதிலாக, கூச் பெஹாரை ஒட்டியிருந்த தஹாகிராம் - அங்கர்போத்தா என்ற பெரிய திட்டை வங்கதேசம் வைத்துக்கொள்ளும். அதற்குச் செல்லும் வழியாக 178 மீட்டருக்கு 85 மீட்டர் அளவுள்ள "தீன் பிகா" என்ற துண்டு நிலத்தை இந்தியா நிரந்தரக் குத்தகைக்கு விடும். எஞ்சிய திட்டுகள் பரிமாறிக்கொள்ளப்படும்.

இதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான் கச்சத்தீவை இலங்கையின் பக்கம் விட்ட கடல் எல்லை ஒப்பந்தமும் கையெழுத்தானது. பேருபாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையே ஆதாரமாகக் காட்டி, அரசியல் சட்டத் திருத்தமின்றிக் கச்சத்தீவைக் கொடுத்தது செல்லாது என்று தமிழ்நாட்டுத் தலைவர்கள் நீதிமன்றம் சென்றனர். அது விட்டுக்கொடுத்த நிலமல்ல, உரிமை தகராறில் இருந்த இடம் என்பது இந்திய அரசின் வாதம். வங்க எல்லையில் ஒரு கிராமத்துக்காக எழுந்த சட்டக் கேள்வி பாக் நீரிணை வரை வந்து சேர்ந்தது இவ்வாறுதான்.

வங்கதேச நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை 1974ஆம் ஆண்டிலேயே ஏற்றது. இந்திய நாடாளுமன்றம் அதை ஏற்க மேலும் 41 ஆண்டுகள் ஆயின. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட முஜிபுர் ரஹ்மான் 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதி படுகொலை செய்யப்பட்டார். டாக்காவில் ஆட்சி மாறியது, டெல்லியின் நட்புணர்வும் குளிர்ந்தது.

தீன் பிகாவின் கதவு

தீன் பிகா என்றால் வங்காளத்தில் மூன்று பிகா நிலம் என்று பொருள். ஒரு கிராமத்து வயலின் அளவே உள்ள இந்த இடத்துக்காக நடந்த போராட்டங்களும் வழக்குகளும் பல. அதைக் குத்தகைக்கு விட்டால் அதற்கு அப்பாலுள்ள இந்தியக் கிராமங்கள் துண்டிக்கப்பட்டுவிடும் என்று அப்பகுதி மக்கள் அஞ்சினர். 1992 ஜூன் 26ஆம் தேதிதான் பாதை திறக்கப்பட்டது. அதுவும் பகல் வேளையில், ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம். மற்ற நேரத்தில் தஹாகிராமில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், மருத்துவமனை கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்தாலும் பயனில்லை. பின்னர் பகல் முழுவதும் வழி விடப்பட்டது. இருபத்துநான்கு மணி நேரமும் கதவு திறந்திருக்க 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் இத்தனை தாமதம்?

பரிமாற்றத்தால் இந்தியாவுக்கு நிகரமாகச் சுமார் பத்தாயிரம் ஏக்கர் இழப்பு என்பது எதிர்ப்பாளர்கள் திரும்பத் திரும்பக் கூறிய வாதம். கணக்கு சரியானதே. ஆனால் அந்த நிலத்தில் இந்திய அரசின் ஒரு காவலரோ, ஒரு பள்ளி ஆசிரியரோ, ஒரு தபால்காரரோ கால் வைத்துப் பல தசாப்தங்கள் ஆகியிருந்தன. வரைபடத்தில் மட்டுமே இருந்த நிலத்தை இழப்பது நாட்டின் மானப் பிரச்சினையாகப் பேசப்பட்டது. அசாமிலும் மேற்கு வங்கத்திலும் அப்படிப் பேசுவதால் வாக்குகள் கிடைத்தன. திட்டுகளில் வாழ்ந்தவர்களிடம் வாக்கு இல்லை.

இதற்கிடையே தாமதம் உயிர்களையும் பலிகொண்டது. ஒரு நாட்டின் வரைபடத்தில் இருந்து, மறு நாட்டவரின் பிடியில் உள்ள நிலங்கள் எல்லை நெடுகிலும் இருந்தன. அத்தகைய இடங்களில் ஒன்றான மேகாலயாவின் பிர்திவா கிராமத்தை 2001 ஏப்ரலில் வங்கதேச ரைஃபிள்ஸ் படையினர் சூழ்ந்துகொண்டனர். அதைத் தொடர்ந்து சில நாட்களுக்குள் போராய்பாரியில் நடந்த மோதலில் இந்தியாவின் எல்லைப் பாதுகாப்புப் படையினர் 16 பேர் கொல்லப்பட்டனர். வங்கதேசத் தரப்பிலும் உயிரிழப்பு ஏற்பட்டது. 1971இல் தோளோடு தோள் நின்ற இரு நாடுகளிடையே நடந்த மிகக் கொடிய எல்லை மோதல் அது.

2011 ஜூலையில் இரு நாட்டு அதிகாரிகளும் கூட்டாகத் திட்டுகளுக்குள் சென்று தலைகளை எண்ணினர். இந்தியத் திட்டுகளில் 37,334 பேரும் வங்கதேசத் திட்டுகளில் 14,215 பேரும் இருப்பது தெரியவந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் தேதி டாக்காவில் மன்மோகன் சிங்கும் ஷேக் ஹசீனாவும் முன்னிலை வகிக்க, 1974 ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கான நெறிமுறை கையெழுத்தானது. தீஸ்தா ஆற்று நீர்ப் பங்கீட்டில் அதிருப்தி கொண்ட மேற்கு வங்க முதலமைச்சர் மமதா பானர்ஜி, பிரதமருடன் டாக்கா செல்ல மறுத்துவிட்டார். எல்லை மசோதா 2013இல் மாநிலங்களவையில் கடும் அமளிக்கிடையே அறிமுகமானபோது, திரிணாமூல் காங்கிரஸும் அசாம் கண பரிஷத்தும் எதிர்த்தன. பாரதிய ஜனதாவும் உடன்படவில்லை.

2014இல் ஆட்சிக்கு வந்த அதே பாரதிய ஜனதா 2015 மே மாதம் அம்மசோதாவை அரசியல் சட்டத்தின் நூறாவது திருத்தமாக நிறைவேற்றியது. இரு அவைகளிலும் எதிர்ப்பு வாக்கு ஒன்றும் விழவில்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது மண்ணை விற்பதாகத் தெரிந்தது, ஆளுங்கட்சியானதும் அண்டை நாட்டு உறவாகத் தெரிந்தது. ஜூன் 6ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோதியின் டாக்கா பயணத்தின்போது ஏற்பு ஆவணங்கள் பரிமாறப்பட்டன.

நிலத்தைப் போலவே கடலிலும் ஒரு தகராறு இருந்தது. 1970ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் வங்கக் கடலில் தலைகாட்டிய மணல் தீவொன்றை இந்தியா நியூ மூர் என்றது, வங்கதேசம் தென் தால்பட்டி என்றது. பல ஆண்டுகள் நீடித்த சர்ச்சையின் நடுவே தீவு கடலுக்குள் மறைந்துவிட்டது. தி ஹேக் நகரில் உள்ள நடுவர் தீர்ப்பாயம் 2014 ஜூலையில் கடல் எல்லையை வரைந்து, தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467ஐ வங்கதேசத்துக்கு வழங்கியது. இந்தியா முணுமுணுப்பின்றி அதை ஏற்றது.

தேர்ந்தெடுக்கும் உரிமை

2015 பரிமாற்றத்தின் குறிப்பிடத்தக்க அம்சம், எந்த நாட்டின் குடிமகனாக இருக்க விரும்புகிறாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்டதே. இந்தியாவுக்குள் இருந்த வங்கதேசத் திட்டுகளில் அனைவரும் இந்தியாவைத் தேர்ந்தனர். வங்கதேசம் செல்ல ஒருவரும் விரும்பவில்லை. வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் திட்டுகளில் ஆயிரத்துக்கும் சற்றுக் குறைவானவர்களே இந்தியாவுக்கு வர விருப்பம் தெரிவித்தனர். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே வங்கதேசத்தவராயினர். மக்கள் தேர்ந்தது நாட்டை என்பதைவிட, வீட்டையும் வயலையும் சுடுகாட்டையும் அடக்கத்தலத்தையும் என்பதே பொருத்தம்.

இந்தியாவுக்கு வந்தவர்கள் 2015 நவம்பரில் தின்ஹட்டா, மேக்லிகஞ்ச், ஹல்திபாரி ஆகிய இடங்களில் தகரக் கொட்டகை முகாம்களில் குடியேற்றப்பட்டனர். அவர்களில் பலர் விட்டுவந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு விற்றிருந்தனர், அல்லது விற்க முடியாமலே வந்திருந்தனர். அரசு கட்டித் தந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குப் பின்னர் அவர்கள் மாற்றப்பட்டபோதும், உழவர்களுக்கு மாடி வீடு எதற்கு, வயல் எங்கே என்ற முறையீடு ஓயவில்லை. வங்கதேசப் பக்கத்தில் முன்னேற்றம் கண்கூடாக இருந்தது. குரிகிராம் மாவட்டத்தின் தாசியார்சரா போன்ற முன்னாள் திட்டுகளுக்குச் சாலையும் மின்சாரமும் விரைந்து வந்தன. இந்தியப் பக்கத்தில் 2016 மே மாதத்தில் புதிய குடிமக்கள் முதன்முறையாக வாக்களித்தனர். ஆனால் அவர்கள் தலைமுறைகளாக உழுத நிலத்துக்குப் பட்டா வழங்கச் சட்டத்தைத் திருத்துவதற்கே 2018 ஆகிவிட்டது.

வேலியும் அதற்கு அப்பாலும்

திட்டுகள் மறைந்தாலும் எல்லை எளிதாகிவிடவில்லை. சட்டவிரோதக் குடியேற்றத்தையும் கடத்தலையும் தடுப்பதற்கென 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்தியா முள்வேலி அமைத்து வருகிறது. எல்லைக் கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள் தற்காப்புக் கட்டுமானம் எதையும் எழுப்பக் கூடாது என்பது 1975இல் இரு தரப்பும் ஏற்ற விதி. ஆகவே வேலி பெரும்பாலும் இந்திய மண்ணுக்குள் தள்ளி நிற்கிறது. அதற்கு அப்பால் இந்திய வயல்களும் சில இடங்களில் இந்திய வீடுகளும் அகப்பட்டுக்கொண்டன. அவற்றின் உரிமையாளர்கள் அடையாள அட்டையைக் காட்டி, படையினர் குறித்த நேரத்தில் திறக்கும் வாயில் வழியாகச் சென்று திரும்புகின்றனர். ஒரு வகைத் திட்டு ஒழிந்து மற்றொரு வகைத் திட்டு முளைத்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

2011 ஜனவரி 7ஆம் தேதி வேலியைத் தாண்டி வங்கதேசத்துக்குத் திரும்ப முயன்ற 15 வயதுச் சிறுமி இந்தியக் காவலரால் சுடப்பட்டார். அவரது உடல் முள்கம்பியில் மணிக்கணக்கில் தொங்கிய படம் வங்கதேசம் முழுவதையும் உலுக்கியது. எல்லைப் பாதுகாப்புப் படையின் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை 2013இலும், மறு விசாரணைக்குப் பின் 2015இலும் விடுவித்தது. டாக்காவில் இந்தியா குறித்துப் பேச்செழும்போதெல்லாம் அந்தப் படம் இன்னமும் நினைவுகூரப்படுகிறது.

2024 ஆகஸ்ட் 5ஆம் தேதி ஷேக் ஹசீனா ஆட்சியிழந்து இந்தியாவில் தஞ்சம் புகுந்த பின்னர் எல்லையில் மீண்டும் இறுக்கம் ஏற்பட்டது. 2008இல் வங்கப் புத்தாண்டு நாளில் தொடங்கப்பட்ட கொல்கத்தா - டாக்கா மைத்ரி ரயில், வங்கதேசத்தின் மாணவர் போராட்டம் முற்றிய 2024 ஜூலையில் நின்றுபோனது. 2025 ஜனவரியில் மால்டா உள்ளிட்ட இடங்களில் வேலி அமைக்கும் பணிக்கு வங்கதேசக் காவல் படையினர் ஆட்சேபம் தெரிவிக்க, இரு நாடுகளும் மற்றவரின் தூதரை அழைத்து முறையிட்டன. அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து, இந்தியா சட்டவிரோதக் குடியேறிகள் என்று கூறி ஆட்களை எல்லை தாண்டித் தள்ளிவிடுவதாக வங்கதேசம் புகார் செய்தது. அவ்வாறு தள்ளப்பட்டவர்களில் சிலர் இந்தியக் குடிமக்கள் என்று தெரிந்து திரும்ப அழைத்துவரப்பட்டனர்.

2025 அக்டோபரில் மேற்கு வங்கத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவிக்கப்பட்டது. தம் பெயரோ, பெற்றோர் பெயரோ 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ளதா என்று வாக்காளர்கள் காட்ட வேண்டியிருந்தது. கூச் பெஹாரின் முன்னாள் வங்கதேசத் திட்டுகளில் வாழ்பவர்கள் அந்தப் பட்டியலில் முறைப்படி இடம்பெற்றிருக்கவே முடியாது. 2002ஆம் ஆண்டில் அவர்களது வீடு வேறொரு நாட்டில் இருந்தது.